குழாய்க்கு ஒரு சொம்பு

பயப்படாதீங்க அம்மிணி, இது வெடிக்காது. ஏற்கெனவே வெடித்ததுதான்.

கண்டக்டரும் உங்களை மாதிரிதான் பார்த்தார். ஒரு பொம்பளை துண்டில் எதையோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊட்டியிலிருந்து இறங்கினால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். பித்தளை வால்வு. குழாயைத் திருகினால் தண்ணீரை விடும், திருப்பித் திருகினால் நிறுத்தும், அவ்வளவுதான் இதன் வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லாமல் என் தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. கையில் வாங்கிப் பாருங்க. இந்த இடத்தில் விரலை வையுங்க. கீறல் தெரிகிறதா? உள்ளே இருந்து யாரோ குத்தின மாதிரி வெளியே பிதுங்கியிருக்கிறது. மட்டமான சரக்கு. இதைத்தான் நாளைக்குக் காலையில் அவன் முதலாளி மேசைமேல் வைக்கப்போகிறேன். வைத்துவிட்டு, "சார், என் தம்பி பொய் சொல்றான், அதுக்கு நான் சாட்சி" என்று சொல்லப்போகிறேன்.

எதுக்குச் சிரிக்கிறீங்க? அக்காவே தம்பியைப் பொய்யன் என்கிறாளே என்றா? சிரிப்பாகத்தான் இருக்கும். முழுசாகக் கேளுங்க. கல்லாறு வரைக்கும் வளைவுதான், தூங்கவும் முடியாது. தலை சுற்றினால் இந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொள்ளுங்க.

என் பெயர் வடிவு. தம்பி மகுடேஸ்வரன். பூர்வீகம் கொடுமுடிப் பக்கம், அதனால் அந்தச் சாமி பெயர். எனக்கு அவன் மகுடு. எட்டு வயதிலிருந்து என் கைச்சோறு தின்றவன். அதைச் சொல்லிக்காட்டினால் அவனுக்குப் பிடிக்காது, அதனால் நான் யாரிடமும் சொல்வதில்லை.

நான் ஊட்டியில் ஒரு பூங்காவில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவள். நாற்றங்கால் வேலை. உங்களுக்குக் கோயமுத்தூரா? அப்படியென்றால் உறைபனி தெரியாது. மார்கழி, தையில் விடிந்ததும் பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்கும். அழகுதான், போட்டோ எடுப்பீங்க. செடிக்கு அது எமன். ஒரே ராத்திரியில் ஆயிரம் தொட்டியைக் கருக்கிவிடும். அதற்கு மூன்று வைத்தியம் இருக்கிறது. சாயங்காலம் வேருக்குக் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணைத்தான் பனி முதலில் பிடிக்கும், ஈரமான மண்ணில் சூடு நிற்கும். அப்புறம் மிலார் வெட்டி வந்து மேலே மூட வேண்டும். மிலார் என்றால் புதர்தான், மலையில் நிறைய. கடைசியாக, விடிந்து வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். பனியோடு வெயில் பட்டால் இலை தீய்ந்துபோகும்.

இந்த மூன்றையும் என்னைப்போல் செய்ய ஆள் கிடையாது. நானாகச் சொல்லவில்லை, அதிகாரி சொன்னது. ஒரு வருஷம் பனி தாறுமாறாக அடித்தது. மற்ற பாத்தியெல்லாம் போயிற்று, என் பாத்தியில் ஒரு இலை கருகவில்லை. "வடிவு கை வெச்சா பனியே ஒதுங்கிப் போகுதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, ஒரு எவர்சில்வர் சொம்பு கொடுத்தார். என் பெயர் பொறித்தது. அந்தச் சொம்பு இப்போது என்னிடம் இல்லை. அந்தக் கதைக்கு வருகிறேன்.

பூங்காவிலிருந்து நின்ற பிறகு மகுடுதான் இந்த வேலை வாங்கிக் கொடுத்தான். அவன் கோயமுத்தூரில் கேரவன் கட்டும் பட்டறையில் பிளம்பர். கேரவன் பார்த்திருப்பீங்க, பஸ் மாதிரி வண்டி, உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம். அவன் முதலாளி அதில் ஒன்றைக் கொண்டுவந்து தலைகுந்தாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் நிறுத்தியிருக்கிறார். சனி ஞாயிறு ஆட்கள் வந்து தங்குவார்கள். மற்ற நாளில் பெருக்க, துடைக்க, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தங்க ஒரு ரூமும் உண்டு. முதலாளியிடம் மகுடு, "எங்கக்கா அளவுக்குப் பனியைத் தெரிஞ்சவங்க இந்த மலையிலயே கிடையாது சார்" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டான். பாருங்க, அவன் வாக்கு. அதைக் காப்பாற்ற வேண்டாமா?

அந்த வண்டியில் எல்லாரும் கேட்டு வருவது ஒன்றைத்தான். வெளி ஷவர். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளே இரண்டு குழாய், ஒன்று சுடுதண்ணீர், ஒன்று பச்சைத்தண்ணீர். சுருட்டி வைத்த ஒரு ட்யூப், நுனியில் பூவாளி. ஊட்டிக் குளிரில் வெட்டவெளியில் நின்று யாராவது குளிப்பார்களா என்று கேட்காதீங்க. நானும் கேட்டேன். ஆவி பறக்கப் பறக்கச் சுடுதண்ணீரில் மலையைப் பார்த்துக்கொண்டு குளிப்பதற்கென்றே ஈரோட்டிலிருந்து வருகிறார்கள். குளிப்பது பத்து நிமிஷம், போட்டோ அரை மணி நேரம்.

பனிக்காலம் தொடங்கியதும் மகுடு ஒரு ஏற்பாடு செய்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் போனதும் கீழேயிருந்து வந்து வண்டியில் இருக்கும் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுப் போவான். வெள்ளிக்கிழமை வந்து மறுபடி நிரப்புவான். முதல் தடவை என்னைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான்.

"அக்கா, நல்லாப் பாத்துக்க. பம்பை அமத்தியாச்சு. டேங்கைத் திறந்து விட்டாச்சு. வண்டிக்கு அடியில இந்த ரெண்டு மூடி, ரெண்டும் கழட்டியாச்சு. எல்லாம் செஞ்சுட்டு இந்த வெளி ஷவரைத்தான் எல்லாரும் மறப்பாங்க. நாம மறக்கக் கூடாது. ரெண்டு குழாயும் திறந்தே இருக்கணும். ட்யூபைக் கீழே தொங்க விடணும்."

அப்புறம் காற்றுப் பம்பு வைத்து ஊதினான் பாருங்க, உள்ளே கிடந்த கடைசிப் பொட்டுத் தண்ணீரும் தெறித்து வெளியே வந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை.

"ஏண்டா, இப்படி வெறும் வயித்தோடயா விட்டுட்டுப் போவே?"

"குழாய்க்குப் பசிக்காதுக்கா."

"நக்கல் பண்ணாதே. காஞ்சதைத்தான் பனி பிடிக்கும்."

"அது செடிக்கு. இது வேற. நீ மேலே மட்டும் மூடி வை, போதும். உள்ள தொடாதே."

சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டான். அவன் கோயமுத்தூரில் போர்வை இல்லாமல் தூங்குகிறவன். பனியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? வேலை தெரியும், ஒத்துக்கொள்கிறேன். பனி என் துறை.

நான் சண்டை பிடிக்கவில்லை. என் பாட்டுக்கு மிலார் வெட்டி வந்து ஷவர் பெட்டியைச் சுற்றிப் பந்தல் மாதிரிக் கட்டினேன். வருகிற ஆட்களுக்குச் சமைக்கிறவரின் பெண்சாதி ஸ்டெல்லா பக்கத்து ரூமில்தான் இருக்கிறாள். அவள்கூடக் கேட்டாள், "என்னக்கா, வண்டிக்குப் பிரசவமா?" என்று. விடியற்காலையில் எழுந்து பெட்டிமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்தேன். இதெல்லாம் என் வேலையில் சேராதது. யார் செய்வார்கள் சொல்லுங்க.

சாயங்காலமா? சாயங்காலம் ஒரு சொம்பு, வேறென்ன. நிறைய இல்லை. ட்யூபைத் தூக்கி மேலே ஆணியில் மாட்டி, பூவாளியைக் கழற்றிவிட்டு, கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி மெதுவாக விடுவேன். முதல் நாள் ஊற்ற ஊற்ற அடியில் ஒழுகிப் போயிற்று. அவன் மூடியைக் கழற்றி வைத்திருந்தான் இல்லையா, அதனால். திருகி மூடினேன். ஊற்றி முடித்ததும் இரண்டு குழாயையும் இறுக்கி அடைத்துவிடுவேன். திறந்து கிடக்கிற குழாயைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. எங்கள் லைன் வீடுகளில் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்த தண்ணீரைப் பிடித்துக் குடித்தவள் நான். வெள்ளிக்கிழமை மகுடு வருவதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, குழாயைத் திறந்து, அவன் வைத்த மாதிரியே வைத்துவிடுவேன். அவனுக்கு எதற்கு மனக்கஷ்டம்?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? ஜன்னல் சாத்தட்டுமா?

சரி. கேளுங்க. மார்கழி இரண்டாவது வாரம். ஒரு குடும்பம் வந்தது. மகுடு தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போட்டான். வெளி ஷவரில் தண்ணீர் வரவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பத்து அம்மா "ஐயோ" என்று எழுந்தாள். சுவருக்குள்ளே பீய்ச்சி மெத்தையெல்லாம் ஊறிப்போயிற்று. கழற்றிப் பார்த்தால் வால்வு விரிந்திருக்கிறது. மகுடு தலையைச் சொறிந்தான். "நல்லாத்தானே வடிச்சேன்" என்று நாலு தடவை சொன்னான். நல்லாத்தான் வடித்தான், என் கண்ணால் பார்த்தேனே. "மட்டமான சாமானாயிருக்கும்டா" என்றேன். புதுசு போட்டான்.

நான் என்ன செய்தேன்? கவனிப்பு போதவில்லை என்று நினைத்தேன். மிலாரை இரட்டையாகக் கட்டினேன். அதன்மேல் ஒரு சாக்கையும் போர்த்தினேன். சொம்பை நிறைய ஊற்றினேன்.

பொங்கல் லீவில் மறுபடி உடைந்தது.

இந்தத் தடவை முதலாளி போனில் கத்தியது எனக்கே கேட்டது. "ரெண்டாவது தடவை மகுடேஸ்வரன்! என்ன சாமான் வாங்கிப் போடறே? எவன்கிட்ட வாங்கறே?" என்றார். அர்த்தம் புரிகிறதா அம்மிணி? விலை குறைந்ததை வாங்கிப் போட்டுவிட்டு அவரை ஏமாற்றுகிறான் என்று. என் தம்பியை! கடையில் மிட்டாய் ஒன்று கூடுதலாகக் கொடுத்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீழே படுத்துப் பார்த்தான். "எங்கேயோ தண்ணி நிக்குதுக்கா, எங்கேன்னுதான் தெரியல" என்றான். பாவம், நான் என்ன சொல்ல முடியும்? எனக்குக் குழாய் வேலை தெரியாதே. சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தேன்.

மூன்றாவதுதான் இது. இந்தத் துண்டில் இருப்பது. போன வாரம்.

போன வாரம் முதலாளி தன் மகள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமையே வந்துவிட்டார், சொல்லாமல் கொள்ளாமல். மகுடுவும் அவர்கள் கூடவே வந்து இறங்கினான். நான் ஸ்டெல்லாவோடு விறகு பொறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மிலார் பந்தலைப் பிரித்துப் போட்டிருக்கிறது. பெட்டிக் கதவு திறந்திருக்கிறது. மகுடு அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். ட்யூப் ஆணியில் தொங்குகிறது. சாக்குக்குப் பக்கத்தில் என் சொம்பு. பத்தரை மணி வெயிலிலும் அதன் அடியில் கொஞ்சம் ஐஸ் ஒட்டியிருந்தது.

அவன் அந்தச் சொம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் பெயரைப் படித்தான். வண்டிக்கு அடியில் கையை விட்டு மூடியைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை புரியவில்லை அம்மிணி, இன்னும் புரியவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது இப்படித்தான் பார்ப்பான்.

முதலாளி வந்தார். "என்னய்யா, மறுபடியுமா? யார் பொறுப்பு இதுக்கு?"

மகுடு எழுந்து நின்றான். "நான்தான் சார். போன ஞாயித்துக்கிழமை தண்ணியை வடிக்கல. மறந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய்! என்னடா சொல்றே? நீ வடிச்சதை நான் பாத்தேன். சார், நல்லா வடிச்சான் சார், காத்து வெச்சு ஊதி..."

"அக்கா, நீ உள்ள போ."

"பொய் சொல்றான் சார் இவன்..."

"உள்ள போன்னு சொல்றேன்ல!"

முப்பது வருஷத்தில் என்னிடம் அவன் குரலை உயர்த்தியதில்லை. நான் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். முதலாளி நிதானமாகத்தான் பேசினார், அதுதான் பயம். "மூணு தடவையும் மறந்தியா?" என்றார். "ஆமாங்க சார்." "அக்காவுக்கு இதுல சம்பந்தம் ஏதாவது?" "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். பெருக்கறது, துடைக்கறது மட்டும்தான்." பார்த்தீங்களா? பெருக்குவது, துடைப்பது மட்டும்தானாம். நான் கட்டின பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவனிடம் இருந்த பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டார். வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார். செவ்வாய் என்றால் நாளைக்கு. "இன்னொரு தடவை இது உடைஞ்சுதுன்னா இந்த வண்டியே மலைமேல வேண்டாம், கீழே இறக்கிடுவேன். அங்கே யாருக்கும் வேலையும் கிடையாது, ரூமும் கிடையாது" என்றும் சொன்னார். அது என்னைத்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என்னைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

வேலையை விட்டு நிற்கப்போகிறவன், அன்றைக்குச் சாயங்காலமே புது வால்வு ஒன்றை மாட்டினான். தண்ணீரை வடித்தான், ஊதினான், மூடியைக் கழற்றினான், எல்லாம் செய்தான். நான் பின்னாலேயே நின்றேன்.

"எதுக்குடா அப்படிச் சொன்னே?"

ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டான்.

"யாராவது மிரட்டினாங்களா? பட்டறையில எவனாவது உன் எடத்துக்குக் குறி வெக்கறானா?"

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

என் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். என்னவோ வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. "ஒண்ணுமில்ல. நீ இங்கேயே இரு. உனக்கு வேற எடமில்ல. இந்தப் பெட்டிகிட்ட மட்டும் இனிமே போகாதே. பனி என்னமோ பண்ணிட்டுப் போவுது, விடு" என்றான்.

"நான் பாக்காம வேற யார் பாப்பாங்க?"

போகும்போது என்ன செய்தான் தெரியுமா? என் சொம்பைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பெயர் பொறித்த சொம்பு! அவன் வீட்டில் சொம்புக்கா பஞ்சம்? கேட்டேன். "ஞாபகத்துக்கு வெச்சுக்கறேன்க்கா" என்றான். உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன ஞாபகம்? மனசு உடைந்தால் ஆள் இப்படித்தான் தாறுமாறாக நடப்பான் போலிருக்கிறது. நாலு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

நல்லவேளை, கழற்றிப் போட்ட வால்வைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். அவன் பேச மாட்டான் என்றால் நான் பேசுகிறேன். இன்றைக்குத் துடியலூரில் தெரிந்தவள் வீட்டில் படுத்துவிட்டு, நாளைக்கு அவன் வருவதற்கு முன்னால் ஆபீசில் நிற்பேன். "சார், என் தம்பி ஒரு நாளும் மறந்ததில்லை. பொட்டுத் தண்ணி இல்லாம வடிச்சான். அவன் போனதுக்கப்புறம் அந்தக் குழாயை நான் கைக்குழந்தை மாதிரிப் பாத்துக்கிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் என் கையால தண்ணி குடுத்தேன். அப்படியும் உடைஞ்சுதுன்னா அது சாமானோட தப்பு" என்று ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். மறைக்க என்ன இருக்கிறது எனக்கு?

என்ன? போக வேண்டாமா? ஏன் அம்மிணி?

தண்ணீர் உறைந்தால் பெருக்குமா? உங்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்த பாட்டில் வெடித்ததா? இருக்கலாம். அது கண்ணாடி. இது பித்தளை. நீங்களே கையில் பிடித்துப் பார்த்தீங்களே, என்ன கனம். ஒரு சொம்புத் தண்ணீருக்கு இதை உடைக்கத் தெம்பு ஏது? தண்ணீரில் செடி பிழைக்கிறதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம். ஒரு இலை கருகவில்லை.

நீங்களும் மகுடு மாதிரியே பார்க்கிறீங்க இப்போது. என்னவோ சொல்ல வந்து விழுங்குகிறீங்க. எல்லாரும் ஏன் என்னிடம் பாதியில் நிறுத்துகிறீங்க?

இன்றைக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்றா? ஸ்டெல்லாதான். போனா? எதற்கு? ஸ்டெல்லாவுக்கா? அந்தப் பள்ளத்தில் டவர் எடுக்காது அம்மிணி. காலையில் பால் வாங்க மேட்டுக்கு வந்தால்தான் அவள் போன் அடிக்கும். என்ன அவசரம் அவளிடம் உங்களுக்கு?

காரமடை தாண்டிவிட்டது போலிருக்கிறது. இங்கே எவ்வளவு வெக்கை பாருங்க, ஸ்வெட்டரைக் கழற்றணும். மேலே இந்நேரம் வெயில் இறங்கியிருக்கும். வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை, இன்றைக்குப் பனி பலமாக விழும். நான் இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். சொம்பு போனதிலிருந்து டம்ளரில்தான் ஊற்றுகிறேன், நாலு டம்ளர் ஒரு சொம்பு. ஸ்டெல்லாவுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அடியில் மூடியைத் திருகு, மெதுவாக ஊற்று, அப்புறம் இரண்டு குழாயையும் இறுக்கி அடை என்று மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

மணி ஆறு ஆகிறதா? அப்படியென்றால் ஊற்றியிருப்பாள். நல்ல பொண்ணு அம்மிணி. மறக்கவே மாட்டாள்.